காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்பைக்ஸ், ஒன்பது மணிக்குச் சீருடை: விளையாடும் பிள்ளையின் பள்ளி ஆண்டைத் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

என் மகள், ஸ்பைக்ஸ் என்ற ஆணி வைத்த காலணியோடு 400 மீட்டர் ஓடுகிறாள். ஏழாம் வகுப்பில் ஆரம்பித்தாள், இப்போது பிளஸ் டூ. இத்தனை வருடமும் எங்கள் வீட்டுக்குப் பொழுது விடிவது திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தில்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் கேலரியில் புதிதாக வந்து உட்காரும் அம்மாக்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "படிப்பை எப்படிங்க சமாளிக்கிறீங்க?" அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒவ்வொரு நாளையும் சரிபாதியாகப் பிரிக்கப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் மைதானம் என்றால் இரண்டு மணி நேரம் புத்தகம். தாளில் எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அந்த நான்கு மணி நேரமும் பிள்ளையின் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது என்பது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. பிரிக்க வேண்டியது வருடத்தை. சில மாதங்களில் ஓட்டம் முன்னால் நிற்கும், படிப்பு பின்னால் வரும். சில மாதங்களில் அது தலைகீழாகும். எந்த மாதம் எது என்பது பிள்ளைக்கும், பயிற்சியாளருக்கும், வகுப்பாசிரியருக்கும் முன்பே தெரிந்திருந்தால் பாதிச் சண்டை வராது.

மாநிலப் பாடத்திட்டத்தில் படித்துக்கொண்டு தடகளத்தில் இருக்கும் பிள்ளையை மனதில் வைத்து எழுதுகிறேன். சி.பி.எஸ்.இ.யில் மாறுபடும் இடத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கபடி, நீச்சல், இறகுப்பந்து என்று உங்கள் விளையாட்டு எதுவானாலும் மாதங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ஜூன் முதல் வாரத்தில் வருடத்தை ஒரே தாளில் போடுங்கள்

ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். ஜூன் முதல் அடுத்த மே வரை பன்னிரண்டு கட்டம். மேல் வரிசை பள்ளிக்கு, கீழ் வரிசை போட்டிக்கு.

மேல் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. பொதுத் தேர்வு வகுப்பென்றால் ஜனவரி, பிப்ரவரியில் திருப்புதல், பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத் தேர்வு.

கீழ் வரிசைதான் பலருக்குக் குழப்பம். பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள், பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். தடகளம் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளில் வரும். பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் என்று இன்னொரு தொகுப்பும் உண்டு. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். குறுவட்டம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். மாநில அளவில் தேர்வானால் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. அது வட மாநிலத்தில் அமைந்தால் போக வர ரயிலிலேயே நாலு நாள் போய்விடும். இது ஒரு பாதை. தடகளச் சங்கத்தின் மாவட்ட, மாநில, தேசிய ஜூனியர் போட்டிகள் இன்னொரு பாதை. மாவட்டங்களுக்கு இடையிலான தேசிய ஜூனியர் போட்டியை மைதானத்தில் எல்லோரும் 'நிட்ஜாம்' என்பார்கள். பெரும்பாலும் பிப்ரவரி வாக்கில் வந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளையின் திருப்புதல் தேர்வோடு நேராக மோதும். இவை தவிர மாநில அரசின் முதலமைச்சர் கோப்பை, மத்திய அரசின் கேலோ இந்தியா இளையோர் போட்டி. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று நம் ஊரிலேயே நடந்தது. தமிழ்நாடு இரண்டாம் இடம் பிடித்தது. அந்த மாதம்தான் திருப்புதல் தேர்வுகளும் ஆரம்பம்.

எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள். தேதிகள் மாறும். இரண்டு வரிசையும் மோதும் கட்டத்தைச் சிவப்பால் சுற்றுங்கள். எங்கள் தாளில் ஒவ்வொரு வருடமும் செப்டம்பரும் பிப்ரவரியும் சிவப்பாகும்.

இப்போது தாளைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். மே கடைசியும் ஜூனும் காலியாக இருக்கும். அந்த ஆறு வாரம்தான் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய சொத்து. விட்டுப்போன பாடத்தைப் பின்னால் துரத்துவதைவிட முன்னாலேயே படித்து வைப்பது எவ்வளவோ சுலபம். கணக்கில் முதல் இரண்டு அலகுகளையும் அறிவியலில் கடினமான ஒன்றையும் பள்ளி சூடு பிடிப்பதற்குள் முடித்துவிட்டால், ஆகஸ்டில் நாலு நாள் வகுப்பைத் தவறவிட்டாலும் பிள்ளை தடுமாறாது.

அப்புறம், பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இந்த வருஷம் முக்கியமான மூணு போட்டி எது?" அந்த மூன்றும் பேனாவில். மற்றவை பயிற்சிக்காக ஓடுபவை. தேர்வு குறுக்கே வந்தால் விட்டுவிடலாம். கூப்பிட்ட போட்டிக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தால் பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மிஞ்சாது. சான்றிதழ் சேரும், ஓடி முடிக்கும் நேரம் குறையாது.

படி 2: பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள்

மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது மாநிலப் போட்டிக்குப் போய் நான்காவதாக வந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால் வருகைப் பதிவேட்டில் மூன்று நாள் ஆப்சென்ட். அறிவியல் அலகுத் தேர்வில் பூஜ்யம். போட்டிக்குப் போன நாளையும் வருகையாகக் கணக்கிடக் கேட்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை நாங்கள் கொடுத்திருந்தோம். அது உடற்கல்வி ஆசிரியரின் மேஜையில் இருந்தது. வகுப்பாசிரியரிடம் போகவே இல்லை. "எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்று அவர் கேட்டது நியாயம்தான். எல்லார் முன்னாலும் நின்று பதில் சொன்னவள் மட்டும் பதினான்கு வயதுப் பிள்ளை. அன்று சாயங்காலம் அவள் மைதானத்துக்கு வரவில்லை. ஸ்பைக்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கும்.

பயிற்சியாளர் ஒரு பக்கம், பள்ளி ஒரு பக்கம், நடுவில் பிள்ளை ஓடி ஓடித் தகவல் சொல்வது நடக்காத காரியம். பெரியவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டும். ஜூனிலேயே தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சார்ட் பேப்பரைப் போட்டோ எடுத்துக் கொண்டுபோங்கள். ஒரு கடிதமும் கொடுங்கள். நாங்கள் கொடுப்பது இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் தங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கிறாள். இந்தக் கல்வியாண்டில் இணைப்பில் உள்ள தடகளப் போட்டிகளில் கலந்துகொள்ள இருக்கிறாள். தேதி முடிவானதும் அழைப்புக் கடிதத்தின் நகலை ஒரு வாரம் முன்பே தருகிறோம். அந்த நாள்களுக்கு ஓ.டி. வழங்குமாறும், அப்போது நடக்கும் அலகுத் தேர்வுகளைத் திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் எழுத அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை அவள் தவறாமல் எழுதுவாள்."

கடைசி வரிதான் முக்கியம். நாம் கேட்பதோடு கொடுப்பதும் இருந்தால் பள்ளி இறங்கி வரும். கடிதத்தில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி, ஒரு நகலை வகுப்பாசிரியரிடம், இன்னொன்றை உடற்கல்வி ஆசிரியரிடம் நீங்களே கையில் கொடுங்கள். மூவரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு போதும். அதில் மாதத்துக்கு நாலு செய்திக்கு மேல் தேவைப்படாது.

பத்தாம் வகுப்பு வந்ததும் பி.இ.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது நம் ஊரில் பழகிப்போன ஒன்று. விளையாடும் பிள்ளைக்கு அந்தப் பீரியடில் நூலகத்தில் உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தது. வாரத்தில் இரண்டு பீரியட், விட்டுப்போன நோட்ஸ் எழுத அதுவே போதுமாக இருந்தது.

படி 3: தூக்கத்தை முதலில் குறித்துவிட்டு மற்றதை எழுதுங்கள்

13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். பதின்வயது விளையாட்டு வீரர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்கள் காயப்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. ஒரு தொடைத் தசைப் பிடிப்புக்கு ஆறு வாரம் பலி என்றால், தூக்கத்தைத் திருடிச் சம்பாதித்த பயிற்சி நேரம் எல்லாம் அதிலேயே போய்விடும்.

ஒன்பதாம் வகுப்பில் என் மகளுக்கு ஆறு நாள் காலைப் பயிற்சி, மூன்று நாள் மாலையும். இரண்டு வாரம் அவள் தூங்கிய நேரத்தை நாட்காட்டித் தாளின் பின்னால் குறித்து வைத்தேன். சராசரி ஆறரை மணி நேரம்கூட வரவில்லை. அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். வாயால் சொன்னபோது "எல்லாப் பிள்ளைங்களும் வருதேம்மா" என்றவர், எண்களைப் பார்த்ததும் யோசித்தார். மறுவாரமே அட்டவணையை மாற்றினார். நீங்களும் இப்படி எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

இப்போது அவளுடைய வாரம் இது. திங்கள், செவ்வாய், வியாழன், சனி காலைப் பயிற்சி: 5 மணிக்கு எழுந்து 5.45 முதல் 7.15 வரை மைதானம். அந்த நாள்களில் மாலை 5 முதல் 7 வரை படிப்பு, 7.15-க்குச் சாப்பாடு, கொஞ்ச நேரம் எளிதான வேலை, 8.45-க்கு விளக்கணைப்பு. புதனும் வெள்ளியும் காலையில் 6.15 வரை தூங்கலாம். பயிற்சி மாலை 5 முதல் 7 வரை, படுக்கை 9.30-க்கு. ஞாயிறு மைதானமே கிடையாது. மொத்தம் வாரத்துக்குப் பத்து மணி நேரப் பயிற்சி. பிள்ளையின் வயது எவ்வளவோ, அதற்கு மேல் வாரப் பயிற்சி நேரம் போகக் கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லும் கணக்கு. பதினான்கு வயதென்றால் பதினான்கு மணி நேரம்தான் எல்லை.

இதற்கு இடம் வேண்டுமென்றால் ஒன்றை வெட்டியாக வேண்டும். நாங்கள் வெட்டியது டியூஷனை. போக வர முக்கால் மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரம். அதில் பாதி நேரம் பள்ளியில் நடந்ததையே திரும்ப நடத்துவார்கள். கணக்குக்கு மட்டும் சனிக்கிழமை பகலில் ஓர் ஆசிரியையிடம் சந்தேகம் கேட்கப் போகிறாள். கைப்பேசி இரவு எட்டரைக்குச் சமையலறை அலமாரிக்குப் போய்விடும், எங்களுடையதும் சேர்த்து.

பிரக்ஞானந்தாவின் கதையைச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுபவர்கள் உண்டு. 2022 மே மாதம் இணையவழிச் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியில் அவர் அனிஷ் கிரியை வென்றபோது அதிகாலை 2 மணி, காலை 8.45-க்குப் பள்ளியில் பதினோராம் வகுப்புத் தேர்வுக்கு இருக்க வேண்டும். அசாத்தியமான பிள்ளைதான். ஆனால் அது ஒரு போட்டியின் சில இரவுகள். வருடம் முழுக்க யாராலும் அப்படி இருக்க முடியாது.

படி 4: ரயிலில் படிக்க ஒரு நோட்டு

போட்டிப் பயணத்தில் பாடப் புத்தகங்களை மூட்டையாகக் கொடுத்தனுப்பாதீர்கள். திறக்காமலே திரும்பி வரும், குற்ற உணர்ச்சி மட்டும் கூடும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கம் ஒரு மதிப்பெண் வினாக்கள், எதிர்ப் பக்கம் விடைகள். கூடவே ஒரு பாடத்தின் சூத்திரங்களோ செய்யுள் பகுதியோ. மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு, விடைப் பக்கத்தைத் துண்டால் மூடிவைத்து, கூட வரும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே போவார்கள். ஈரோடு தாண்டுவதற்குள் ஓர் அலகு முடிந்துவிடும். போட்டிக்கு முந்தைய இரவும் போட்டி நாளும் நோட்டைத் தொடவே வேண்டாம். திரும்பும் பயணத்தில் தொடட்டும்.

வகுப்பில் நல்ல கையெழுத்துள்ள ஒரு தோழியை ஏற்பாடு செய்யுங்கள். தினமும் நோட்ஸைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். திரும்பி வந்ததும் விட்டுப்போன அத்தனையையும் எழுதச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு நாள் அன்றன்று நடக்கும் பாடத்தை மட்டும் பிடிக்கட்டும். பழையதை வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எழுதிக் குவிப்பதற்குப் பதில் நகல் எடுத்து நோட்டில் ஒட்டிவிடலாம்.

படி 5: பத்தாவது, பிளஸ் டூ வருடங்கள்

"ஒரு வருஷம் நிறுத்திடு, அப்புறம் பாத்துக்கலாம்." சொந்தக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு வருடம் முழுக்க நிறுத்தினால், வளரும் வயதில் உடம்பு வேறொன்றாக மாறியிருக்கும். திரும்பி வரும்போது கூட ஓடியவர்கள் எங்கேயோ இருப்பார்கள். பாதிப் பிள்ளைகள் திரும்பி வருவதே இல்லை. மைதானத்தில் நான் கண்ணால் பார்த்தது இது.

நாங்கள் நிறுத்தவில்லை, படிப்படியாகக் குறைத்தோம். நவம்பர் வரை வழக்கம்போல. டிசம்பரில் நான்கு நாள். ஜனவரி கடைசியிலிருந்து மூன்று நாள், ஒரு மணி நேரம், மாலையில் மட்டும். மார்ச்சில் தேர்வுகளுக்கு இடைப்பட்ட நாள்களில் இருபது நிமிட மெல்லோட்டம், கொஞ்சம் தசை நீட்சி. அந்த இருபது நிமிடம் அவளுக்குப் படிப்பைவிட உதவியாக இருந்தது. நிட்ஜாமை அந்த வருடம் விட்டுவிட்டோம். பயிற்சியாளருக்கு வருத்தம்; எனக்கும்தான். ஜூனிலேயே தாளில் எழுதியிருந்ததால் சண்டை வரவில்லை. ஓட்டத்தில் பழைய நேரத்துக்குத் திரும்ப ஆறு வாரம் ஆனது.

சி.பி.எஸ்.இ. மாணவருக்கு ஒரு வசதி உண்டு. அங்கீகாரம் பெற்ற தேசிய, சர்வதேசப் போட்டி பொதுத் தேர்வோடு மோதினால் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்து வேறு தேதி கேட்கலாம். 2018-இல் துப்பாக்கி சுடும் வீரர் அனிஷ் பன்வாலாவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு இப்படித்தான் தள்ளிவைக்கப்பட்டது. 15 வயதில் காமன்வெல்த் தங்கத்தோடு திரும்பி வந்து மீதித் தேர்வுகளை எழுதினார். 75 சதவீத வருகைப் பதிவிலும் இந்த அளவு விளையாட்டுக்குத் தளர்வு உண்டு. மாநில வாரியத்தில் படிப்பவர் ஒரு தாளைத் தவறவிட்டால் கோடையில் துணைத் தேர்வு இருக்கிறது, அந்த வருடமே மேலே போகலாம். ஆனாலும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வருடத்தில் பாதி நாள் வெளிநாட்டில் ஆடும் பிள்ளைக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நல்ல வழி. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்கும், 15 முடிந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சேரலாம். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு, ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். மாநில அளவில் ஓடும் பிள்ளைக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. பள்ளி என்பது நட்பும்தான். மைதானத்தில் ஓர் ஓட்டம் கெட்டுப்போன மறுநாள், அதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு தோழி பக்கத்தில் உட்கார்ந்து வேறு கதை பேசுவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சதுரங்க வீரர் குகேஷ் நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளியை நிறுத்திவிட்டு 2024-இல் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார் என்பதைச் சொல்லி என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அவர் அப்பா மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். அந்தக் குடும்பத்தின் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஓட்டத்தில் ஒரே ஒரு தசைநார் கிழிந்தால் இரண்டு வருடம் போகும். இன்னொரு கால் தரையில் இருக்கட்டும். டேபிள் டென்னிஸ் சத்தியன் சென்னையில் ஐ.டி. பொறியியல் படித்தவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்தில் வெள்ளி வென்ற காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே ஆடியவர். என் மகளின் மேஜைக்கு மேல் துளசிமதியின் படம்தான் ஒட்டியிருக்கிறது.

பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போது விளையாட்டுக்காக மட்டும் முடிவெடுக்காதீர்கள். அறிவியல் குரூப் என்றால் செய்முறை வகுப்பு, ரெக்கார்ட் நோட்டு என்று பள்ளியில் இருந்தே ஆக வேண்டிய நாள்கள் கூடுதல் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு எடுங்கள். என் மகள் வணிகவியல் எடுத்தாள், அவளுக்குக் கணக்குப்பதிவியல் பிடித்திருந்தது.

படி 6: விளையாட்டு விடுதியா, வீடா?

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்குக் கோடையை ஒட்டி மாவட்டத் தேர்வு நடக்கும். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்வோருக்கு இடம் உண்டு. உணவு, தங்குமிடம், பயிற்சி, சீருடை இலவசம். பக்கத்துப் பள்ளியில் படிப்பார்கள். பொதுத் தேர்வு வகுப்புக்குப் புதுச் சேர்க்கை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வீட்டிலிருந்து மைதானத்துக்குப் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதென்றால் விடுதி நல்லது. முடிவெடுக்கும் முன் ஒரு மாலை நேரில் போய்ப் பாருங்கள். ராத்திரி ஏழரை மணிக்குப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள்? சந்தேகம் கேட்க ஆள் உண்டா? பெண் பிள்ளைகளுக்குப் பெண் காப்பாளர் இரவிலும் இருக்கிறாரா? அங்கே ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள்.

விடுதியானாலும் வீடானாலும் இதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்: பயிற்சி என்ற பெயரில் யாரும் தொடக் கூடாத இடத்தில் தொடக் கூடாது, அடிக்கக் கூடாது, உடம்பைக் கேலி பேசக் கூடாது. தனி அறையில் பயிற்சி என்று யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

படி 7: டிபன் பாக்ஸும் உடம்பும்

காலைப் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம். முடிந்த அரை மணிக்குள் இரண்டு முட்டை, நாலு இட்லி. பள்ளி இடைவேளைக்குச் சுண்டல் அல்லது வேகவைத்த கடலை. மாலைப் பயிற்சிக்கு முன் இரண்டு கடலை மிட்டாய். புரோட்டீன் பவுடர் வாங்கவே இல்லை. லேபிளில் இல்லாத தடைசெய்யப்பட்ட மருந்து சில டப்பாக்களில் கலந்திருப்பதுண்டு. சில சளி மாத்திரைகளில் வரும் சூடோஎபெட்ரின், குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. ஊக்கமருந்துச் சோதனை கேலோ இந்தியாவிலும் நடக்கும், பதின்வயதுப் பிள்ளைகளிடமும் மாதிரி எடுப்பார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை விடுங்கள். மருத்துவரிடம் "இவ விளையாட்டு வீராங்கனை" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பெண் பிள்ளையின் அம்மாக்களுக்கு: மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலோ "ஓடுற பொண்ணு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்லும் வழி அது; எலும்பு பலவீனமாகும். மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபினை வருடத்துக்கு இரண்டு முறை சோதியுங்கள். பாடத்தில் கவனமில்லை என்று நாம் திட்டும் சோர்வுக்குப் பல முறை இரத்தசோகைதான் காரணம்.

மடமடவென்று உயரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். பயிற்சியைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலியோடு ஓடுவதில் வீரம் ஒன்றும் இல்லை.

படி 8: நீல ஃபைல்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு, இந்த மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பள்ளியில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். போட்டிக்கு முந்தைய நாள் இது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வயதைக் குறைத்துக் காட்ட யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகிவிடுங்கள். எலும்பு வயதுப் பரிசோதனையில் மாட்டினால் தடை வரும், பிள்ளைக்கு அது வாழ்நாள் அவமானம்.

சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் மேலொப்பம் தேவைப்படலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, வருட வாரியாக ஃபைலில் வையுங்கள். ஒவ்வொன்றையும் வாங்கிய அன்றே ஸ்கேன் செய்யுங்கள். போட்டியை நடத்தியது யார், எந்த அளவு, எத்தனையாவது இடம் என்று முகப்பில் ஒரு பட்டியல் எழுதுங்கள். இதெல்லாம் ஏன் என்றால், தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அரசு வேலையில் 3 சதவீதம். சென்னை ஐ.ஐ.டி.யும் 2024-25 முதல் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் இரண்டு கூடுதல் இடங்களை விளையாட்டு வீரர்களுக்குத் தருகிறது, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும், கடந்த நான்கு வருடத்துக்குள் தேசிய அளவிலாவது ஒரு பதக்கம் வேண்டும். எல்லா இடத்திலும் தேர்ச்சியும் கேட்பார்கள், சான்றிதழும் கேட்பார்கள்.

கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்கு உண்டு. வறுமையில் இருக்கும் திறமையுள்ள பிள்ளைக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிலும் உதவி கேட்கலாம்.

"படிப்புக்கு இது எதுக்கு" என்று கேட்பவர்களுக்கு நான் ரேவதி வீரமணியைப் பற்றிச் சொல்வேன். மதுரை சக்கிமங்கலம். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் இல்லை, பாட்டிதான் கூலி வேலை செய்து வளர்த்தார். பன்னிரண்டாம் வகுப்பில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளையைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்தார். தயங்கிய பாட்டியைப் பேசிச் சம்மதிக்கவைத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் அந்த ஓட்டத்தால் கிடைத்தன. தமிழ் இலக்கியம் படித்தார், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவருக்குக் கல்லூரியின் கதவைத் திறந்தது ஓட்டம்தான்.

படி 9: மாதம் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள்

மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை, அரை மணி நேரம். சார்ட் பேப்பரைக் கீழே விரித்து மகளோடு உட்காருவேன். நான் மூன்று கேள்விகள்தான் கேட்பேன். எதில் பின்தங்கியிருக்கே? உடம்பு எங்கே வலிக்குது? இன்னும் பிடிச்சிருக்கா? மூன்றாவதைக் கேட்கும்போது பதிலுக்கு அவசரப்படாமல் காத்திருப்பேன். இரண்டு மாதம் தொடர்ந்து "தெரியலம்மா" வந்தால், பயிற்சியாளரிடம் சொல்லிப் பத்து நாள் விடுப்பு. ஒரு முறை அப்படி எடுத்தோம். எட்டாவது நாளே அவளாகவே ஸ்பைக்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் துடைக்காமல் இருந்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அதையும் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

பொதுத் தேர்வு முடிந்த மறுநாள் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். பத்து நாள் தூங்கட்டும், பாட்டி வீட்டுக்குப் போகட்டும், மாங்காய் தின்னட்டும். பதினோராம் நாள் மெல்லோட்டத்தில் ஆரம்பிக்கலாம். அதற்குள் நீங்கள் புதுச் சார்ட் பேப்பர் ஒன்று வாங்கி, பன்னிரண்டு கட்டம் போட்டு வையுங்கள்.